விளக்கெண்ணெய் குடித்த பெல்ட்

எங்கள் முதலாளி அர்த்தநாரிக்குத் தெரியாத தொழில் கிடையாது. நாற்பது வருடம் மாடு ஓட்டியவர், ஏற்காட்டுத் துரை ஒருவர் கழித்துவிட்ட குட்டி லாரியை வாங்கிய மறுநாளே எஞ்சினுக்கும் வைத்தியராகிவிட்டார். நான் வெறும் டிரைவர். எனக்கு என்ன தெரியும்?

அன்றைக்குப் பனமரத்துப்பட்டியில் அவர் மனைவி அத்தாயியின் தம்பிக்குக் கல்யாணம். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். பொழுது சாய இணைச்சீர். மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் நின்று செய்யும் சீர் அது. அவள் நேரத்துக்கு வராவிட்டால் பங்காளி வீட்டுப் பெண்ணை நிறுத்திவிடுவார்கள். சித்தப்பன் மகள் வசந்தாமணி அதற்கென்றே பட்டுச்சேலை எடுத்து வைத்திருப்பதாகப் பேச்சு.

விடிந்ததும் மாட்டு வண்டியில் கிளம்பிவிடலாம் என்றாள் அத்தாயி. முதலாளி சிரித்தார். லாரி வைத்திருப்பவர் மச்சினன் கல்யாணத்துக்கு மாட்டு வண்டியில் போய் இறங்கினால் ஊர் என்ன பேசும்? மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஏறினாலும் ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் விடுவேன் என்றார்.

புதுச்சத்திரம் தாண்டியதும் பெல்ட் கீச்சிட ஆரம்பித்தது. எஞ்சினுக்கு முன்னால் விசிறியையும் டைனமோவையும் சுழற்றுகிற பெல்ட் தளர்ந்தால் அப்படித்தான் கத்தும். டைனமோவின் போல்ட்டைத் தளர்த்தி, அதைக் கொஞ்சம் வெளியே தள்ளி, கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் அரை அங்குலம் அமுங்குகிற மாதிரி வைத்து முடுக்கினால் போதும். கால்மணி வேலை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பின்னால் சாமான்களுக்கு அடியில் ஸ்பேனரைத் தேடினேன்.

நான் திரும்பி வருவதற்குள் வைத்தியம் முடிந்திருந்தது. மாட்டு வண்டி அச்சு கத்தினால் விளக்கெண்ணெய் விடுவார்கள். லாரி மட்டும் என்ன உசத்தி? சீட்டுக்கடியில் வைத்திருந்த புட்டியை எடுத்துப் பெல்ட் நெடுக வார்த்துவிட்டார்.

"பாத்தியாடா ராசு, சத்தம் நின்னு போச்சு" என்று, ஸ்பேனரைத் தொடவிடாமல் என்னை வண்டியில் ஏற்றினார்.

நின்றது உண்மைதான். பெல்ட் வழுக்கியதில் விசிறியும் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. மல்லூரைத் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்து ஆவி கக்கியது.

எண்ணெயைத் துணியால் துடைத்து, மண்ணைப் போட்டுத் தேய்த்து, பெல்ட்டை அளவாக முடுக்கினேன். பிறகு ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டுவர வாளியை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்குப் போனேன். அந்தப் பத்து நிமிடம் அவரைத் தனியே விட்டது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். திரும்பியபோது கடப்பாரையால் டைனமோவை நெம்பி, பெல்ட்டை வீணைத் தந்தியாக்கி, போல்ட்டையும் இறுக்கியிருந்தார்.

"கெணத்துல மாடு பூட்டிக் கவலை இறைக்கற வடம் அப்படித் தொங்குனா ஒரு சால் தண்ணி மேல வருமா?" என்று என்னையே கேட்டார்.

இது கிணறு இல்லை என்று சொன்னேன். தளர்த்திவிடுகிறேன் என்று ஸ்பேனரைக் கையிலும் எடுத்தேன். நேரமாகிறது, ஏறு என்று அதட்டினார். ஏறினேன். அரை மைல் போயிருப்போம், பெல்ட் பட்டென்று அறுந்தது. மாற்றுப் பெல்ட் ஒன்று வாங்கி வைக்கலாம் என்று ஐப்பசியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்று நன்றாக இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்பது அவருடைய ஞானம்.

சீர்க்கூடையை மடியில் வைத்துக்கொண்டு அத்தாயி வெயிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்தக் கடப்பாரை என் கையில் இல்லாதது அவருடைய நல்ல காலம்.

அப்போதுதான் கருப்பண்ணன் என்ற ஒரு குடியானவர் வைக்கோல் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு அந்தப் பக்கம் வந்தார். அத்தாயி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"செத்த பொறு, கயித்தக் கட்டியாவது ஓட்டிரலாம்" என்றார் முதலாளி.

"நீங்க கட்டீட்டு வாங்க. எனக்கு ஒரே தம்பி" என்றாள்.

கூடையைத் தூக்கிக்கொண்டு நானும் அவளோடு ஏறிவிட்டேன். முதலாளி லாரிக்குக் காவல் இருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது. வசந்தாமணி பட்டுச்சேலையில் பளபளவென்று மணவறைக்குப் பக்கத்தில் நின்றாள். மாப்பிள்ளையைத்தான் காணோம். யார் கூப்பிட்டும் உள்ளே போகாமல், பந்தலுக்கு வெளியே ரோட்டைப் பார்த்து நின்றிருந்தான். அக்காள் வண்டியிலிருந்து இறங்கியதும் கூடையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். வைக்கோல் தூசி ஒட்டிய சேலையோடு அவள் அவன் பக்கத்தில் நின்றாள்.

பந்தி நடக்கும்போது வெளியே ஒரே சிரிப்பு. இரவல் எருதுகள் இரண்டு லாரியை இழுத்துக்கொண்டு வந்தன. உள்ளே தலைப்பாகையோடு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முதலாளி. எருதுகளுக்கும் லாரிக்கும் நடுவில் வடம் விண்ணென்று இருந்தது. அவர் கேட்ட இறுக்கம் அதுதான்.

அத்தாயி வாசலுக்கு வந்து பார்த்தாள். லாரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஏனுங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டீட்டு சாப்புட வாங்க" என்றாள்.