கரியல் இல்லாத மாப்பிள்ளைச் சைக்கிள்

“கரியல் இல்லாத சைக்கிள்ள என்னை எங்க வைச்சுக் கொண்டு போவீங்க மச்சான்? உங்கட தலையிலயா?”

“கத்தாத புள்ள. வேலிக்கு அங்கால ஆள் நிக்கும்.”

“நிக்கட்டும்! ஆச்சிப்பிள்ளை அக்காவுக்குத் தெரியாம இந்தத் தேற்றாத்தீவில என்ன நடந்திரிக்கு?”

வேலிக்கு அங்கால நின்ற ஆள் நான்தான். முருங்கைக்காய் பறிக்க வந்தவள்போல் கையில் கொக்கைத்தடியும் வைத்திருந்தேன். எங்கள் முருங்கை வளவின் மறுகோடியில் நிற்கிறது என்பது அந்த இருவருக்கும் தெரியும். இருந்தாலும் மனிசருக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

கத்தியவள் நல்லரத்தினத்தாரின் மகள் இராசாத்தி. ஏச்சு வாங்கியவர் அவளுக்கு நிச்சயித்திருந்த மச்சான் அழகரத்தினம், மலேரியாத் தடுப்புக் கந்தோரில் வேலை பார்ப்பவர். அது இரண்டாயிரமாம் ஆண்டு. வைகாசியில் கலியாணம். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவார். ஆகவே தன் விருப்பப்படி தேர்ந்தெடுக்க அந்த மனுசனுக்கு மிஞ்சியிருந்தது மாமனார் வாங்கித் தரப்போகும் சைக்கிள் ஒன்றுதான். அதையும் விட்டு வைத்தோமா நாங்கள்?

அழகரத்தினம் நாள்தோறும் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போய் தேங்கிய தண்ணீரில் நுளம்புக் குடம்பி, அதுதான் கொசுப்புழு, பார்ப்பவர். அங்கே றோட்டு என்று சொல்வதெல்லாம் ஷெல் விழுந்த குழிகளும் அவற்றுக்கு இடையில் கொஞ்சம் கிறவலும்தான். அப்படிப் போன இடத்தில், ஒரு வெள்ளைக்காரத் தொண்டு நிறுவனத்தின் மேசையில் ஒரு சஞ்சிகை கிடந்திருக்கிறது. அட்டையில் ஒருவன் மலையுச்சியிலிருந்து சைக்கிளோடு அந்தரத்தில் பாய்கிறான். அன்று பிடித்தது வியாதி. நுளம்பு பார்க்கப் போனவர் குளக்கட்டில் ஏறி ஏறிச் சைக்கிளோடு குதிக்கிறாராம். மீன் விற்கும் புஸ்பம் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவள் சொல்லி முடிக்கும்வரை மீனை வாங்காமல் நின்றேன், அவ்வளவுதான்.

“இஞ்ச பாருங்க மச்சான்,” இராசாத்தியின் குரல் இப்போது தணிந்திருந்தது. நான் வேலியோடு இன்னும் ஒட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. “எனக்கு இரிக்க இடமில்லாத சைக்கிளத்தான் எடுப்பீங்க எண்டா, நீங்க தனியாச் சுத்துற ஆள். தனியாவே சுத்துங்க. எனக்குத் தாலி வேணாம்.”

அவள் சொன்னால் சொன்னதுதான். கலியாணம் நின்றால் அந்த மனுசன் என்ன ஆவார் என்று எனக்குக் கவலையாக இருந்தது. சரி, கவலையும் இருந்தது.

அடுத்த நாள் அவர்கள் காத்தான்குடியில் முத்தலிப் காக்காவின் சைக்கிள் கடைக்குப் போனார்கள். துணை வேண்டுமே என்று நானும் போனேன். கூப்பிடவில்லைதான்.

கடையின் நடுவில் அந்தச் சாமான் நின்றது. காக்காவின் மச்சினன் டுபாயிலிருந்து அனுப்பியது. முன்னுக்கு இரண்டு பெருங்குழாய், பின்னுக்கு லொறி ஸ்பிரிங்கின் குட்டிபோல் ஒன்று, முதலைத் தோல் டயர், சில்லின் நடுவில் தட்டு வைத்த பிரேக். மணி இல்லை, மட்கார்ட் இல்லை, ஸ்டாண்ட் இல்லை, கரியல் இல்லவே இல்லை.

“இது மலை இறங்கிற சைக்கிள் தங்கச்சி,” என்றார் காக்கா.

“மலை எங்க இரிக்கு காக்கா? காத்தான்குடியிலயா?”

அழகரத்தினம் குறுக்கே வந்தார். “புள்ள, குழியில விழக்குள்ள பின்சில்லு மேல வந்து அடியைத் தாங்கும். அதுதான் கரியல் பூட்ட ஏலாது. சில்லு மேல வந்தா கரியல்ல முட்டும்.”

“அப்ப முன்னுக்கு மட்டும் ஸ்பிரிங் உள்ளத எடுங்க.”

“பாய்ஞ்சு விழக்குள்ள முதுகு முறியுமே!”

“பாயாம விழாமப் போங்க.”

காக்காவுக்கு வியாபாரம் போகப்போகிறது என்று விளங்கிவிட்டது. சீற்றுக் குழாயைப் பிடித்து, சில்லுக்கு மேலே அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு கரியல் ஒட்டித் தருகிறேன் என்றார். “இரும்பு தடிப்பாப் போடுங்க காக்கா” என்று நான் ஆலோசனை சொன்னேன். என் வாழ்க்கையில் சைக்கிள் ஓட்டியது கிடையாது. ஆனாலும் அவர் தடிப்பாகவே போட்டார். ஒட்டி முடிந்ததும் ஓட்டிப் பார்க்க, காக்காவும் சேர்ந்து நாலு பேருமாக அதைத் தேற்றாத்தீவுக்குக் கொண்டுவந்தோம்.

எங்கள் ஊரில் இறக்கம் என்று ஒன்று இருந்தால் அது பாதைத்துறைக்கு இறங்குகிற மண் சரிவுதான். அதிலும் ஆமிக் காவலரண் இருந்ததால் எல்லாரும் இறங்கி உருட்டிக்கொண்டே போகவேண்டும். மட்டக்களப்பில் மலைச் சைக்கிளின் கதி இது. காக்கா போய்ச் சிங்களத்தில் ஏதோ கெஞ்சினார். சென்றி நின்ற பெடியன் வெயிலில் அலுத்துப்போய் நின்றிருக்க வேண்டும். ஒருமுறை ஓடலாம் என்று கைகாட்டிவிட்டு, உள்ளேயிருந்த மற்றவர்களையும் பார்க்கக் கூப்பிட்டான்.

கரியலில் யார் ஏறுவது?

“கலியாணத்துக்கு முதல் நான் ஏறினா ஊர் கதைக்கும்,” என்றாள் இராசாத்தி.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஊர் என்றால் யாரென்று அவர்களுக்குத் தெரியும். ஊரை ஏற்றிவிட்டால் கதைக்க ஆளில்லை. நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். என் பாரத்தைப் பற்றி முத்தலிப் காக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்சில்லுக்கு இன்னும் கொஞ்சம் காற்று அடித்தார்.

பாதிச் சரிவுவரை சுகமாகத்தான் இருந்தது. மறுகா ஸ்பிரிங் எனக்குப் பணிந்து அமர்ந்தது. சில்லு மேலே வந்து கரியலில் உரசி, எனக்குக் கீழே றப்பர் புகைந்தது. “தம்பி, எரியுது!” என்று நான் கத்த, அவர் பிரேக்கைப் பிடித்தார். டுபாய்ப் பிரேக் நல்ல பிரேக். சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை.

வாவி அந்த இடத்தில் முழங்கால் ஆழம். சேறு அதைவிட ஆழம். சென்றிப் பெடியன் சிரித்த சிரிப்பில் துவக்கை மதிலில் சாய்த்து வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்தான். மலைச் சைக்கிள் சரிந்து தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. அழகரத்தினம் அதைத் திரும்பியும் பார்க்காமல் ஓடிவந்து என்னைத் தூக்கினார். எவ்வளவு பாசம் என்று நினைத்தேன். அவர் முகம் வெளிறியிருந்தது.

“அக்கா... இது அவவா இரிந்திருந்தா?” என்றார்.

நான் நானாக இருந்ததில் அவருக்கு எவ்வளவு நிம்மதி!

பிறகு சைக்கிளையும் இழுத்துக்கொண்டு சேற்றோடு மேலே ஏறி வந்து, “காக்கா, இதத் திருப்பி எடுங்க,” என்றார். “முன்னுக்கு மட்டும் ஸ்பிரிங் உள்ளது, பின்னுக்கு அசையாதது, கரியல் பூட்ட ஓட்டை உள்ளது தாங்க.” பெற்ற பிள்ளையைக் கொடுக்கிறவர்போல் அந்தப் பின் ஸ்பிரிங்கை ஒருமுறை தடவிவிட்டார்.

இராசாத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அக்காட கோலத்தைக் கண்டாப்பிறகு எனக்கு ஒருத்தர்ர கரியலும் வேணாம். காக்கா, அந்த மலைச் சைக்கிள்ட விலைக்கு எனக்கு ஒரு லேடீஸ் சைக்கிளும் சேத்துத் தாங்க. மச்சான், நீங்க முன்னுக்குப் போங்க. நான் என்ட சைக்கிள்ள பக்கத்தில வாறன்.”

“டயராவது தடிப்பாப் போடட்டா புள்ள?”

“தடிப்பாப் போடுங்க. குளக்கட்டில ஏறுற நாளைக்கு எனக்குச் சொல்லிப்போட்டு ஏறுங்க.”

குளக்கட்டுக் கதை அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் என்னைப் பார்த்தார். நான் சேலையைப் பிழிவதில் மும்முரமாக இருந்தேன்.

வைகாசியில் கலியாணம் நடந்தது. நொண்டிக்கொண்டு போயும் முன்வரிசை பிடித்தேன். இரண்டு வருசத்தில் சண்டை ஓய்ந்து றோட்டுத் திறந்தபோது மனுசன் மலைநாட்டில் பதுளைப் பக்கத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கினார். தாய் கொடுத்த வீட்டைப் பூட்டிவிட்டுப் புருசன் பின்னால் போகிற வழக்கம் எங்களில் இல்லை என்று நான் எடுத்துச் சொல்லியும், இராசாத்தி இரண்டு சைக்கிளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு அவரோடு போய்விட்டாள். அவர்கள் வீட்டில் கனகசிங்கமும் பெண்சாதியும் வாடகைக்கு வந்தார்கள். இருவரும் மெல்லப் பேசுகிறவர்கள், சண்டை பிடிப்பதேயில்லை. ஒரு வருசம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானும் தன்னாமுனையில் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தேன். அங்கே வீடுகள் நல்ல நெருக்கம்.