மலைமேல் மேகம்

எங்கள் எஸ்கலாண்டே ஊர்ப் பக்கத்துப் பாறை இடுக்குகளில் கையை விரித்தால் இரண்டு சுவரும் தொடும். உள்ளே நிற்பவருக்கு வானம் நீலமாகத் தெரியும். ஆனால் எங்கோ மலைமேல் பெய்த மழை வெள்ளமாக வந்து ஆளையே அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் உள்ளே இறங்கக் கயிறும் பையும் தூக்குமுன் மலையடிவாரத்தில் மாடு வளர்க்கும் டெல்வினுக்கு ஃபோன் செய்வது ஊர் வழக்கம். நானோ தனியாகப் போகிறவள்; கேட்காமல் இறங்கமாட்டேன். அன்றும் அவரைக் கூப்பிட்டேன்.

"மலை கருத்துக் கெடக்கும்மா. ஓடையும் கலங்கிப்போச்சு. உள்ள போயிராத, நாளைக்குக் கூப்புடு."

மறுநாளும் அதே பதில். கூடவே மாடு, முழங்கால் வலி என்று அரைமணி நேரப் பேச்சு. வானிலை அறிக்கையோ மழையே இல்லை என்றது. மூன்றாம் நாள் எரிச்சல் தாங்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனேன்.

மேகம் பொட்டுகூட இல்லை. ஓடை வறண்டு வெடித்துக் கிடந்தது. உயிர் போகிற விஷயத்தில் பொய்யா? நன்றாகக் கேட்டுவிடுவது என்று வேலியருகே இறங்கினேன்.

ஜன்னலில் டெல்வின் தெரிந்தார். போன மாதம் அடக்கம் செய்த மனைவியின் நாற்காலி எதிரே காலியாக இருந்தது. அவர் மடியிலிருந்த ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தமில்லாமல் திரும்பி வந்து, வீட்டிலிருந்து கூப்பிட்டேன். முதல் மணி முடியுமுன் எடுத்துவிட்டார்.

"மலை எப்படி இருக்கு?"

"அப்படியே கருத்துத்தாம்மா கெடக்கு."

கயிற்றைப் பையிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினேன்.

"அப்ப இன்னிக்கும் போகல. முழங்கால் எப்படி இருக்கு, சொல்லுங்க."