ஜன்னல் அக்கா சாப்பிட வந்தாள்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல, ஓசியில் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சித்தி ஒரு பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியில் வார்டன். பேய்க்கதை கேட்டு ஒரு பத்திரிகை என் உயிரை எடுத்துக்கொண்டிருந்ததால், "உங்க விடுதியில பேய் கீய் இருக்கா சித்தி?" என்று கேட்டேன்.

"பேய் இல்லாத விடுதி எங்கடி இருக்கு? வந்து பிள்ளைங்களக் கேளு."

பிள்ளைகள் அள்ளிக் கொடுத்தார்கள். பேயின் பெயர் ஜன்னல் அக்கா. முன்பு இங்கே படித்தவள், பாதிப் படிப்பில் காய்ச்சல் வந்து செத்தவள். சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னலோர நாற்காலி அவளுடையது. அதில் யாரும் உட்காருவதில்லை. புதிதாகச் சேருகிறவள் முதல் நாள் தட்டோடு அதன் முன் நின்று, "அக்கா, நான் புதுசு, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வேறு இடம் தேட வேண்டும். சொல்லாதவளின் செருப்பில் ஒன்று காணாமல் போகும்.*

* ஒன்று மட்டும் ஏன் என்று கேட்டேன். "ரெண்டும் போனா அது திருட்டு ஆன்ட்டி" என்றாள் ஒரு கண்ணாடிக்காரி.

2

முதல் தொடக்கம்: "அவளுடைய ஈரக் கூந்தலிலிருந்து சொட்டிய நீர்..." (அடித்துவிட்டேன். காய்ச்சலில் செத்தவளுக்கு எதற்கு ஈரக் கூந்தல்?)

அடுத்தது: "நீண்ட நடைவழியில் ஒரு கொலுசுச் சத்தம்..." (கொலுசு போடாத ஒரு பேய்கூட நமக்கு வாய்க்காதா?)

மூன்றாவதை அந்தக் கூடத்திலேயே, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பேய் சாப்பிட வந்தது.

3

அன்றைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணும் அவளுடைய அம்மாவும் தட்டோடு வந்தார்கள். மகள் இடம் தேடிக்கொண்டிருக்க, அம்மா நேரே ஜன்னலோரம் போய், அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார். பக்கத்து மேசையிலிருந்து ஒருத்தி பதறி ஓடி வந்தாள்.

"ஐயோ ஆன்ட்டி, எந்திரிங்க! அது ஜன்னல் அக்கா சேர்!"

"அது யாரும்மா?"

"இங்க படிச்சு செத்துப் போனவங்க. இடது கையாலதான் எழுதுவாங்களாம். மாடிப்படியில ரெண்டு ரெண்டு படியா குதிச்சுதான் இறங்குவாங்களாம்."

அந்த அம்மா சிரித்தார். "நானும் இடது கைதான். நானும் குதிச்சுதான் இறங்குவேன். இங்கதாம்மா படிச்சேன், தினம் இந்த நாற்காலியிலதான்..."

சொல்லும்போதே சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து சித்தி தண்ணீர் ஜாடியோடு வந்தாள். ஜாடி விழுந்து உடைந்தது. (எழுத்தில் இது மலிவான உத்தி என்று தெரியும், அடிக்கப் பார்த்தேன். உண்மையாகவே விழுந்ததே, நான் என்ன செய்ய?)

4

படித்த காலத்தில் சித்தி இதே விடுதியில் அந்த அம்மாவோடு ஒரே அறையில் இருந்தவள். அங்கேயே வேலைக்குச் சேர்ந்து வார்டனாகிவிட்டவள்.

"நீ... நீ போயிட்டேன்னு..." சித்திக்கு வாய் குழறியது.

"எங்கடி போனேன்? அம்மாவுக்கு முடியலன்னு அண்ணன் வந்து கூட்டிட்டுப் போனான். போய்ப் பாத்தா அம்மா நல்லாத்தான் இருந்தா. வீட்டுல எனக்குக் கல்யாணத்துக்கு எல்லாம் தயாரா இருந்துச்சு. ஒருத்தியாவது தேடி வருவீங்கன்னு வாசலையே பாத்துட்டு இருந்தேன். நீகூட வரலையேடி."

"எப்படிடி வர்றது? பெட்டிய எடுக்க வந்தப்ப உங்க அண்ணன்தான் சொன்னாரு, காய்ச்சல்ல போயிட்டேன்னு. இதே கூடத்துல நின்னு தேம்பித் தேம்பி அழுதாரு. நாங்கதான் தண்ணி குடுத்துத் தேத்தினோம்."

பேய்க்கு நான் பயந்ததேயில்லை. அந்த மனிதர் அழுதார் என்று கேட்டதும் பயந்தேன்.

5

உடன்பிறந்த அண்ணன் இப்படிச் செய்வானா என்று நீங்கள் கேட்பீர்கள். பத்திரிகை ஆசிரியரும் கேட்பார். நம்பும்படி இருக்கட்டுமே என்று அந்த அண்ணனைக் கதையிலிருந்து எடுத்துவிட்டு, யாரோ கிளப்பிய வதந்தி என்று எழுதிப் பார்த்தேன். "தவறான செய்தி ஒன்று எப்படியோ பரவி..." (எழுதிய கையை உடைக்கலாம். எப்படியோ பரவவில்லை. ஒருவர் வந்து சொன்னார்.)

தங்கையைத் தேடி யாரும் வந்துவிடக் கூடாது, தனக்கு யாருமில்லை என்று அவளும் திரும்பி ஓட நினைக்காமல் இருக்க வேண்டும். அதற்கு அவருக்கு ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. கூந்தலும் கொலுசும் வைத்துக்கொண்டு நான்தான் திண்டாடிக்கொண்டிருக்கிறேன்.

6

அந்த அண்ணன் வெளியே காரில் இருந்தார். மருமகளைச் சேர்க்க வண்டி ஓட்டி வந்ததே அவர்தான். "வேற எங்கயாவது படிக்கட்டுமே" என்று வழி முழுக்க முணுமுணுத்தாராம். வந்த பிறகு, வெயிலில் வெந்தாலும் உள்ளே வரமாட்டேன் என்று அடம்பிடித்தாராம்.

மகள் வெளியே போனாள். கையைப் பிடித்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

முடிவு அ: அவர் காலில் விழுகிறார். (மாட்டார்.)

முடிவு ஆ: அந்த அம்மா அவர் முகத்தில் தட்டை வீசி... (ஆசை எனக்குத்தான். அந்த அம்மா அசையவே இல்லை, அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.)

நடந்தது இவ்வளவுதான். கூடம் முழுக்கப் பெண்கள் எழுந்து நிற்க, அந்த மகள் கேட்டாள்:

"மாமா, எங்க அம்மா எப்ப செத்தாங்க?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கண்கள் அதற்குள் கலங்கிவிட்டன.

இதற்குமேல் எழுதமாட்டேன். அவர் என்னைவிட நன்றாகக் கதை சொல்வார், அவர் சொன்னதை நான் அப்படியே எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அவருடைய பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எழுதிய பிறகு, அந்த அம்மாவுக்கு நேரே நின்று சத்தமாகப் படித்துக்காட்ட வேண்டும்.