முதற்பல்

எட்டாவது மாடிவரை படியேறி வந்த அருந்ததி, கதவைத் தட்டுவதற்காகக் கையை உயர்த்தியபோது அந்த ஒலியைக் கேட்டாள். வெள்ளிக் கரண்டி எதன்மீதோ மெல்லப் படும் ஒலி. இரண்டு முறை கேட்டது. அதைத் தொடர்ந்து செல்வநாயகியின் சிரிப்பு எழுந்தது. துறைமுக அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகளைக் கோப்புகளோடு கழித்த தன் மச்சாள், கணவனின் அக்காள், இப்படி வாய்விட்டுச் சிரிப்பாள் என்று எவராவது சொல்லியிருந்தால் அருந்ததி நம்பியிருக்கமாட்டாள்.

"சலேஹா, இங்க வந்து கேளு. கரண்டியில படுது பாரு. பல்லு!"

உயர்த்திய கை கதவருகிலேயே நின்றது. அந்தப் பல்லை அருந்ததி புதன்கிழமையே அறிந்திருந்தாள்.

பாரிட் புந்தாரில், தன் வீடான ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்வாசலில் அமர்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது நிமலன் கடித்தான். அதற்கு முன்பும் ஈறுகளால் அழுத்தியிருக்கிறான். ஆனால் அன்றைய வலி வேறு. விரலை விட்டுப் பார்த்தாள். கீழ் ஈற்றில் அரிசிக் குருணைபோல் ஒன்று தட்டுப்பட்டது. கணவன் தியாகராஜா வேலை முடிந்து வந்தபோது சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் விட்டாள். சொன்னால் அவன் அன்றைக்கே அக்காளுக்குத் தொலைபேசியில் அறிவித்துவிடுவான். அதன்பின் அது அக்காளின் பல்லாகிவிடும்.

அப்படித்தான் எல்லாமே ஆகியிருந்தன. நிமலன் என்னும் பெயரைச் செல்வநாயகி தேர்ந்தெடுத்தாள். தண்ணீர்மலைக் கோயிலில் முதற்சோறு ஊட்டியது அவள் கை. முடியிறக்கும் நாளைக் குறித்தவளும் அவளே. தாய் இறந்தபின், பதினான்கு வயதில், பிறந்து ஒன்பது நாளான தம்பியைத் தூக்கி வளர்த்தவளிடம் யார் எதை மறுத்துச் சொல்ல முடியும்? அருந்ததியும் மறுக்கவில்லை. பெற்றது மட்டுமே தன் பங்கு என்று மனத்துக்குள் எண்ணிக்கொள்வாள். தியாகராஜாவின் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு: குழந்தையின் முதற்பல்லை முதலில் கண்டவர் எவரோ, அவரே அதன் தலைமேல் பல்லுக்கொழுக்கட்டையைச் சொரிய வேண்டும். தாயே கண்டாலும் தாய்க்கே அந்த உரிமை. இதையாவது தனக்கென வைத்துக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை கணவன் பினாங்குக்கு வந்ததும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிக்கொள்ளலாம் என்று மூன்று நாளாக அவள் பொத்திக் காத்த இரகசியம் அது.

அதைக் கெடுத்துக்கொண்டவளும் அவளேதான். "பிள்ளைய நான் பாத்துக்கிறேன், நீ போய் டவுனைச் சுத்திப் பாத்துட்டு வா. எந்நேரமும் அந்தக் கம்பத்து ஊருலயே கிடக்குற," என்று, பிள்ளையோடு பினாங்குக்கு வந்து தங்கியிருந்த அவளிடம் அன்று காலை செல்வநாயகி சொன்னபோது, எட்டு மாதங்களில் முதன்முறையாக இரு கைகளையும் வீசி நடக்கும் ஆசை அவளை வென்றுவிட்டது. பேருந்தில் போனாள். சூலியா தெருவில் காசு மாற்றும் கடைகளின் முன்னே, எவரும் தன்னைப் பார்க்காத கூட்டத்தில், நின்று நின்று நடந்தாள். கட்டி முடியாத கொம்தார் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒரு கடையில், கொழுக்கட்டை சொரியும்போது குழந்தையின் தலையில் விரிப்பதற்கென்று, ஒரு கஜம் வெள்ளை மல் துணி வாங்கினாள். திரும்பும் வழியெல்லாம் மடியில் அந்தப் பொட்டலத்தைத் தடவிக்கொண்டே வந்தாள்.

கதவு திறந்தது.

"அருந்ததி, வா, வா. உன் மகனுக்குப் பல்லு வந்திருக்கு. நான்தான் முதல்ல கண்டேன்."

குழந்தை செல்வநாயகியின் இடுப்பில் இருந்தது. தாயைக் கண்டும் தாவவில்லை. கரண்டியையே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு கணத்தில் அருந்ததிக்குக் குழந்தையின்மீதே கோபம் வந்தது.

"அப்படியா மச்சாள்," என்றாள்.

அடுத்த வீட்டுச் சலேஹா, ஐந்து பிள்ளைகளைப் பெற்றவள், நாற்காலியில் சாய்ந்தபடி சிரித்தாள். "நீங்க கண்டீங்களா? போங்கக்கா. பால் குடிக்கிற புள்ள தாயைக் கடிச்சுட்டுத்தான் லா ஊருக்குப் பல்லைக் காட்டும். இவளைக் கேளுங்க."

"அப்படி ஒண்ணும் இல்ல," என்று அருந்ததி விரைந்து சொன்னாள். மூன்று நாள் மறைத்ததை எப்படி ஒப்புக்கொள்வது? பொட்டலத்தைப் பைக்குள் அழுத்தினாள். செல்வநாயகியின் சிரிப்பு குறைந்ததை அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை அடுக்களையில் இருவரும் அரிசிமாவைப் பிசைந்து வட்டமாகத் தட்டி, பயறும் சர்க்கரையும் வைத்து மடித்தார்கள். மடிப்பின் விளிம்பில் சிறு கீற்றாக நறுக்கிய தேங்காய்ச் சொட்டுகளைப் பல்வரிசைபோல் பதிக்க வேண்டும். செல்வநாயகி செய்தவை அனைத்தும் ஒரே அளவாக, ஒரே இடைவெளியோடு தட்டில் அணிவகுத்து நின்றன. அருந்ததியின் கொழுக்கட்டைகளோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு முகமாக இளித்தன. அதையும் மச்சாள் பார்த்திருப்பாள் என்று நினைக்க, அவளுக்குக் காது சுட்டது.

"உன் பையில நாப்கின் எடுக்கப் போனேன்," என்றாள் செல்வநாயகி, தலை நிமிராமல். "தலையில விரிக்கிற மல் துணி இருந்துச்சு. நேத்து நான் பல்லைக் கண்டதுக்கப்புறம் நீ வெளியே போகல."

அருந்ததியின் விரல்களில் மா ஒட்டிக்கொண்டது.

"சலேஹா சொன்னது உண்மைதானா? கடிக்குமா?"

"...புதன்கிழமை கடிச்சான் மச்சாள்."

செல்வநாயகி இன்னொரு சொட்டை எடுத்துப் பதித்தாள். அது சற்றுக் கோணலாக நின்றது. அவள் அதைத் திருத்தவில்லை.

"தம்பிக்கு நான் புட்டிப்பால்தான் குடுத்தேன். ரப்பரைத்தான் அவன் கடிச்சான். எனக்கு எப்படித் தெரியும்?" அடுத்த வட்டத்தைத் தட்டியபடியே சொன்னாள்: "நீயே கொட்டு. உன் பிள்ளை. தம்பி கேக்கும்போது நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அருந்ததி ஏங்கியிருந்தது இதற்காகத்தான். ஆனால் அது கையில் வந்து விழுந்தபோது மகிழ்ச்சி வரவில்லை. பெயரைக் கொடுத்த கை, சோற்றைக் கொடுத்த கை, இப்போது இதையும் கொடுக்கிறது. இதை வாங்கிக்கொண்டால், பல்லும் செல்வநாயகி மனமுவந்து அளித்ததாகவே இருக்கும்; அவளுடைய பெருந்தன்மையை வாழ்நாளெல்லாம் நினைத்துக்கொள்ள நேரும். அடுப்பில் ஆவி எழும்பியது.

பத்து மணிக்கு ஃபெரிப் படகு பிடித்துத் தியாகராஜா வந்து சேர்ந்தான். கூடத்தில் பாய் விரித்து, நிமலனைக் கிழக்கு நோக்கி அமர்த்தி, எதை முதலில் எடுக்கிறான் என்று பார்க்க எதிரே புத்தகம், பேனா, சங்கிலி ஆகியவற்றை வைத்தார்கள். தலையில் மல் துணியை விரித்ததும் அதற்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. தியாகராஜா வழக்கப்படி கேட்டான்:

"பல்லை முதல்ல கண்டது யாரு?"

செல்வநாயகி சன்னலுக்கு வெளியே, உலர்ந்துகொண்டிருந்த எவருடைய துணிகளையோ பார்த்தபடி நின்றாள். கொழுக்கட்டைத் தட்டு மேசைமேல் இளஞ்சூட்டோடு இருந்தது. அதை எடுக்க ஒருவருமில்லை.

"மச்சாள்," என்றாள் அருந்ததி. குரல் தேவைக்குமேல் உரத்துவிட்டது. "மச்சாள்தான் கண்டாங்க."

செல்வநாயகி திரும்பினாள். இரு பெண்களும் ஒருவரையொருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள். கொடுக்கிறாளா, கடனாளியாக்குகிறாளா என்று செல்வநாயகியின் பார்வை கேட்டது.

"என்ன அக்கா யோசிக்கிற? கொட்டு. ஆறிடப் போகுது," என்றான் தியாகராஜா.

செல்வநாயகி தட்டை எடுத்தாள். கொழுக்கட்டைகள் வெள்ளைத் துணிமீது விழுந்து உருண்டு, பாயெங்கும் சிதறின. குழந்தை துணியை இழுத்தெறிந்தது. புத்தகத்தைப் பார்க்கவில்லை, பேனாவைத் தொடவில்லை. அருகே கிடந்த ஒரு கொழுக்கட்டையை இரு கைகளாலும் பற்றி வாய்க்குக் கொண்டுபோயிற்று.

"தேங்காய்ச் சொட்டு, விழுங்கிடப் போறான்," என்று இரு பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரே நேரத்தில் மண்டியிட்டார்கள். ஒருத்தி ஒரு முனையைப் பிடித்தாள், மற்றவள் மறுமுனையைப் பிடித்தாள். கொழுக்கட்டை குழந்தையின் வாயிலிருந்து விடுபட்டது. அதன் நடுவே, ஈரம் மின்ன, நெல்முனை அளவில் ஒரேயொரு பல்லின் பள்ளம் பதிந்திருந்தது. இருவரும் குனிந்து அதையே பார்த்தார்கள். இரண்டு பேரில் ஒருவரும் கையை எடுக்கவில்லை.