கடைசியாக மாறியதே மெய்

மூன்று ஊர்களில் மூன்று மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர்கள். யார் உள்ளே வரலாம், யார் எதைத் தொடலாம் என்ற பட்டியல் மூன்றிலும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் அக்காவின் வேலை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். தொலைவில் இருந்த மூன்றாவது மெஷினில் ஆபரேட்டராக வேலை பார்த்தவனுக்கு மட்டும் கூடப் பிறந்த அக்கா.

அந்தத் தம்பி, அவசரத்துக்கென்று தன் பாஸ்வேர்டைப் பக்கத்து இருக்கைக்காரனிடம் சொல்லித் தொலைத்தான். விஷயம் மேலே போயிற்று. வேலை போயிற்று. மூன்றிலும் அவன் பெயரை உடனே முடக்கச் சொல்லி அவளுக்கே உத்தரவு. வேறு யார் தலையிலாவது கட்டியிருக்கலாம். வீம்புக்காரி, தானே உட்கார்ந்தாள்.

இரண்டில் முடக்கியாயிற்று. அப்போது போன் அடித்தது.

"அக்கா, ஒரே ஒரு நாள் குடு. என் குறிப்பெல்லாம் உள்ள கெடக்கு. எடுத்துக்கறேன்."

இடுப்பில் தூக்கி வளர்த்தவன். மனசு கேட்கவில்லை. மூன்றாவது மெஷினோடு தொடர்பு கிடைக்கவில்லை என்று பதிவேட்டில் பொய் எழுதினாள்.

அவன் அந்த மெஷினுக்குள் போனபோது, பழைய பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது, புதியது கொடு என்றது மெஷின். கொடுத்தான். மாலையில் மூன்று பட்டியல்களையும் ஒத்துப் பார்க்கும் புரோகிராம் ஓடியது. வித்தியாசம் இருந்தால், கடைசியாக மாறியது எதுவோ அதுதான் மெய்; மற்ற இரண்டும் அதைப் பார்த்து மாறிக்கொள்ளும். அந்த விதியை எழுதியவளே அவள்தான். அவசரத்தில் அதை மறந்து தொலைத்திருந்தாள்.

மறுநாள் காலை மறுபடியும் போன்.

"அக்கா! ஆபீஸ் சாவிய ஒப்படைக்க வந்தேன். பழக்கதோஷத்துல பேரப் போட்டேன், மூணு மெஷினும் உள்ள விட்டுடுச்சு! எனக்காகப் பேசினியா? வேலை திரும்பக் கெடச்சிடுச்சுன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். ரெண்டு நாளா சோத்தத் தொடாத மனுஷன், இப்பதான் தட்டு முன்னாடி உக்காந்திருக்காராம்."

 என்ன நடந்தது என்று அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது: அவன் மாற்றிய பாஸ்வேர்டுதான் கடைசி மாற்றம், முடக்கிய இரண்டும் அதைப் பார்த்துத் திறந்துகொண்டன. ஒரு நாள் பரிவு காட்டப் போய் எவ்வளவு பெரிய கொடுமையைச் செய்துவிட்டோம் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.  அவன் பெயரை மறுபடி முடக்கத் தொடங்கினாள். முதல் மெஷின். இரண்டாவது. இந்த முறை மூன்றாவதும்.

"அக்கா, இருக்கியா? இப்ப வெளிய தள்ளிடுச்சு. ஏதோ கோளாறு போல. கொஞ்சம் பாரேன்."

"கோளாறு இல்லடா," என்றாள். "நான்தான்."