ஒட்டு மீசை மாப்பிள்ளை

பொற்கொடிக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. ராயக்கோட்டை போகும் வழியெல்லாம் மாதேஸ்வரனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, மூக்குக்குக் கீழே ஒட்டியிருந்த மீசையை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள். காற்றில் பிய்ந்துகொண்டு போனால்? வியர்வையில் கழன்று தொங்கினால்? ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகத் துணி துவைத்தோமா, தூங்கினோமா என்று ஹாஸ்டலில் கிடக்க வேண்டிய பெண், பேன்ட் சட்டை மாட்டிக்கொண்டு இன்னொருத்தி வீட்டுக்கு மாப்பிள்ளையாகக் கிளம்பியிருக்கிறாள் என்றால் அவளுக்குக் கிறுக்கா என்று கேட்பீர்கள். கிறுக்குதான். காதல் என்று சொன்னாலும் ஒன்றுதான்.

"தோளைப் புடிக்காதே. ஆம்பளைங்க புடிக்க மாட்டாங்க" என்றான் மாதேஸ்வரன், திரும்பாமலே.

கையை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டாள். அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் இப்படிப் போக வேண்டும் என்று எத்தனை முறை நினைத்திருப்பாள். நினைத்த சவாரி வாய்த்தது, பிடிக்கத்தான் கொடுத்துவைக்கவில்லை.

அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெண் பொற்கொடி. ஓசூரில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. வாய் திறந்து பேசத் தெரியாத பிள்ளை என்று பெயர். சூப்பர்வைசர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் மொட்டை போட்டவள், ஆயுத பூஜைக்குக் கிராப்புத் தலையாக வந்து நின்றாள். மெஷினுக்கெல்லாம் சந்தனம் பூசி, கேட்டில் பூசணிக்காய் உடைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாடகம் போடுவது அந்தக் கம்பெனி வழக்கம். பெண்கள் லைன் போட்ட நாடகத்துக்கு ஆண்வேஷம் கட்ட ஆள் வேண்டியிருந்தது. அந்தத் தலையைப் பார்த்ததும் எல்லோரும் சேர்ந்து அவளை மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

பழைய மாதிரியான சிரிப்புக் கதைதான். தனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள ஒருத்தி ஆண்வேஷம் போட்டு அவனோடு சிநேகம் பிடிப்பாள். கடைசியில் வேஷம் கலையும், கல்யாணம் ஆகும், எல்லோரும் கைதட்டுவார்கள். அன்றைக்குப் பொற்கொடி பேசிய பேச்சில் ஷெட்டே அதிர்ந்தது. அந்தக் குரல் எங்கே ஒளிந்திருந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை. எல்லாம் மீசை செய்த வேலை என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த மீசையை ஒட்டிவிட்டவன்தான் மாதேஸ்வரன். மெயின்டனன்ஸ் ஆள். மைக் செட்டையும் அவன்தான் பார்த்துக்கொண்டான். பசை காயும்வரை ஆடாதே என்று அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது வினை. பிறகு கேன்டீன் டீ, ஷிப்ட் முடிந்தால் கேட்டில் காத்திருப்பது என்று வளர்ந்து, "கட்டினா உன்னைத்தான் கட்டுவேன்" என்று அவன் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவளிடம் சொன்னான். வீட்டில்தான் சொல்லவில்லை.

வீட்டில் அவனுக்கு அக்கா மகள் பிரவீனா என்று முடிவு கட்டிவைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது ஊருக்கே தெரிந்த உரிமை. வேண்டாம் என்று சொன்னால் அம்மா சோறு தண்ணி இல்லாமல் படுத்துக்கொள்ளும் என்று பயந்தான். கிருஷ்ணகிரியில் நர்ஸிங் படிக்கும் பிரவீனாவுக்கும் இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை. ஆக, மாமனும் மருமகளும் போனிலேயே பேசி ஒரு திட்டம் போட்டார்கள். பிரவீனா ஒரு பையனைக் காதலிப்பதாகச் சொல்வாள். அந்தப் பையனை மாதேஸ்வரனே கூட்டிக்கொண்டு வந்து காட்டுவான். வீடு ரெண்டாகும், கல்யாணப் பேச்சு உடையும், அவன் தலையில் பழி விழாது.

"நெசமான பையனைக் கூட்டினு போனா நாளைக்கு அவன் நெசமாவே பிரவீனா பின்னால சுத்துவான். ஊர்லயும் அவ பேரு கெட்டுப்போவும். நீன்னா, அப்புறமா தெரிஞ்சாலும் பொம்பளப்புள்ளதானேன்னு சிரிச்சிட்டு விட்டுடுவாங்க" என்றான். எப்பேர்ப்பட்ட மூளை. "மொதல்ல இந்தப் பேச்சு நிக்கட்டும், பொற்கொடி. அப்புறம் நம்ம விசயத்தை நானே சொல்லிடறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் அவள் மீசை ஒட்டிக்கொண்டாள்.

மாதேஸ்வரனின் அக்கா சரசம்மாவின் வீடு ராயக்கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால், ஓசூர் ரோட்டை ஒட்டியே இருந்தது. வாசல் முழுக்கத் தக்காளி அடுக்கிய பிளாஸ்டிக் கிரேடுகள். அக்கா வீட்டுக்காரர் முனிசாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாதேஸ்வரனின் அம்மா பூவம்மாளும் தொரப்பள்ளியிலிருந்து வந்திருந்தாள். தை மாதம் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று பேச வந்தவள். வீட்டில் அவர்களுக்குள் தெலுங்கு. வந்த ஆளைப் பார்த்ததும் மரியாதைக்குத் தமிழுக்கு மாறினார்கள்.

"இவர் சக்தி, மாமா. நம்ம கம்பெனிதான்" என்றான் மாதேஸ்வரன் முனிசாமியிடம். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சக்தியான பொற்கொடி பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள். பிரவீனா காபி கொண்டுவந்து கொடுத்தாள். சொல்லிக்கொடுத்தபடியே தலையைக் குனிந்துகொண்டு, "இவரைத்தாம்பா எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள்.

பூவம்மாள் தெலுங்கில் பிடித்துக்கொண்டாள். அது வசவுதான் என்று தெரிய மொழி தெரியவேண்டியதில்லை. சரசம்மா மூக்கைச் சிந்தினாள். எழுந்து ஓடிவிடலாமா என்றுகூடப் பார்த்தாள் பொற்கொடி. ஆனால் திட்டம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திட்டத்தைக் கெடுத்தவர் முனிசாமி. மனுஷன் கோபப்படவே இல்லை.

"எந்த ஊரு, தம்பி?"

"அருப்புக்கோட்டை பக்கம்ங்க."

"பர்மனென்ட்டா? கான்ட்ராக்ட்டா?"

"பர்மனென்ட்டுங்க."

"தண்ணி கிண்ணி?"

"பழக்கம் இல்லீங்க." அது சத்தியமான உண்மை.

முனிசாமி மேலும் கீழும் பார்த்தார். "ஆளு கொஞ்சம் ஒல்லி. போவட்டும். சொந்தத்துலயே கட்டினா பொறக்கற புள்ளைங்களுக்கு ஆவாதுன்னு பிரவீனா எனக்கே பாடம் எடுக்கறா. மனசு கேக்காமத்தான் இருந்தேன்" என்றவர் மனைவி பக்கம் திரும்பினார். "பையன் அடக்கமாத்தான் தெரியறான். அடுத்த முகூர்த்தத்துல அவங்க அப்பா அம்மாவை வரச் சொல்லலாம்."

பிரவீனாவுக்கு முகம் வெளிறிவிட்டது. பொற்கொடிக்குக் காபி புரையேறியது. மாதேஸ்வரன் மட்டும் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு, "பிரவீனா சந்தோசமா இருந்தா அது போதும். நான் விட்டுக் குடுத்துடறேன்" என்றான். அடேயப்பா, என்ன நடிப்பு. ஆயுத பூஜை மேடையில் இவனையல்லவா ஏற்றியிருக்க வேண்டும்.

பூவம்மாள் எழுந்து வந்து மகன் தலையைத் தடவினாள். வந்தவனும் கேட்கட்டும் என்று தமிழிலேயே சொன்னாள்: "எம் புள்ள தங்கம். அவனுக்குப் பொண்ணா இல்ல? கெலமங்கலத்துல எங்கண்ணன் மக அனிதா இருக்கா. நாளைக்கே போய்ப் பேசிட்டு வரேன். அதே தை மாசம், அதே முகூர்த்தம். என்னடா சொல்ற?"

இப்போது சொல்லுவான். இதற்குத்தானே இவ்வளவு கூத்தும். பொற்கொடி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதேஸ்வரன் தரையைப் பார்த்தான். "நீ சொல்றபடி செய்யம்மா" என்றான்.

அவளுக்குள் ஏதோ அறுந்து விழுந்தது. கோபமா, அழுகையா, அவமானமா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து முனிசாமி கேட்டார்: "தம்பி, பெரியவங்க பேசறது இருக்கட்டும். நீ வாயைத் தொறந்து சொல்லு. நெசமாவே புடிச்சிருக்கா? இல்ல பஸ் ஸ்டாண்டுப் பழக்கமா?"

"பிடிச்சிருக்கது நெசந்தேங்க" என்றாள் பொற்கொடி. குரலைக் கனமாக்கிக்கொள்ள மறந்துவிட்டாள். "சோறு எறங்கல. வேலையில கை ஓடல. பாக்காட்டி ஒரு பாடு, பாத்தா அதுக்கு மேல. அம்புட்டுப் பிடிச்சிருக்கு. ஆனா அந்த ஆளு நாலு பேரு முன்னால நம்ம பேரச் சொல்லணும்ல? சொல்ல மாட்டேங்கிற ஆளப் பிடிச்சு என்ன பண்ண?"

பேச்சு தன் பெண்ணைப் பற்றியது என்று நினைத்து முனிசாமி பிரவீனாவைப் பார்த்தார். பிரவீனா மாமனைப் பார்த்தாள். பொற்கொடி மீசையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். தோலோடு வந்தமாதிரி எரிந்தது.

"என் பேரு சக்தி இல்லைங்க. பொற்கொடி. பிரவீனாவ இன்னிக்குத்தேன் மொதமொத பாக்குறேன். அது மேல தப்பு ஒண்ணுமில்ல. அம்மா, உங்க மகன் என்னையக் கட்டிக்கிறேன்னு சொன்னாரு. உங்ககிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு எனக்கு இந்த வேஷத்தப் போட்டு முன்னால விட்டுருக்காரு."

பூவம்மாள் மகனிடம் மெதுவாகத்தான் கேட்டாள். "நெசமாடா?"

அவன் கிரேடுகளைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். "பிரண்டும்மா. கம்பெனி நாடகத்துல நடிக்கிற பொண்ணு" என்றான்.

அந்தப் பேச்சுக்குப் பதிலாக ஓர் அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் ஒன்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மீசை போய்விட்டது, குரல் போகவில்லை. அவ்வளவும் பேசியது அவள்தான், மேடையில் பேசியதும் அவள்தான். இத்தனை நாள் இந்த வாயை வைத்துக்கொண்டா சூப்பர்வைசருக்கு நடுங்கினோம் என்று நினைத்தாள்.

"சரிங்க. நான் வாரேன். காபி நல்லா இருந்துச்சு" என்று சரசம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்தாள்.

அவள் வாசல் தாண்டுமுன் பின்னால் பிரவீனாவின் குரல் கேட்டது. நடுங்கிக்கொண்டேதான் கேட்டது. "அந்தக்கா சொல்லிட்டாங்க. நானும் சொல்லிடறேன்பா. மாமாவைக் கட்டிக்க எனக்கு இஷ்டமில்ல. படிப்பை முடிக்கணும்."

பஸ் நிறுத்தம் வீட்டுக்கு எதிரிலேயே இருந்தது. பொற்கொடி அங்கே போய் நின்றாள், நிற்க முடியாமல் நடந்தாள், மறுபடியும் வந்து நின்றாள். பைக் சத்தம் கேட்டது. மாதேஸ்வரன் பக்கத்தில் வந்து நிறுத்தினான்.

"ஏறு. ஓசூர்ல விட்டுடறேன். பாத்தியா, எல்லாம் கெட்டுப்போச்சு. பக்குவமா நானே சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"எப்ப? அனிதாவுக்குத் தாலி கட்டினப்பெறகா?"

அவன் பெட்ரோல் டேங்கை விரலால் தேய்த்தான்.

"எனக்காச்சும் ஒட்டு மீசை. இழுத்தா வந்துருச்சு. நீங்க அம்மாவுக்குத் தங்கம், எனக்கு மாப்பிள்ளை, அங்க வீட்டுக்குள்ள தியாகி. இதுல எது நீங்கன்னு உங்களுக்காவது தெரியுமா? எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. இப்பவும் பிடிச்சிருக்கு, அதுதேன் கொடுமை. உள்ள போயி நீங்களாச் சொல்லுங்க. சொல்லிட்டு வந்தா ஏறுறேன். பஸ் வந்துட்டா நான் போயிருவேன். நாளைக்கு லைன்ல பாத்தா யாரோ எவரோன்னு போயிக்கிருவோம்."

"அம்மா அழுவும், பொற்கொடி."

"நான் அழுதுக்கிட்டுத்தேன் நிக்கேன்."

அவன் அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தான். மேலுதடு முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. கண்ணீர் அதில் பட்டு எரிவதைக்கூடத் துடைக்காமல் நின்றாள். பைக்கை அங்கேயே நிறுத்திவிட்டு அவன் வீட்டுக்குள் போனான்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ராயக்கோட்டைப் பக்கம் எட்டிப்பார்த்தாள், பஸ் வராதே என்று வேண்டினாள். வந்து தொலைந்தால் தேவலை என்றும் தோன்றியது. வீட்டுக்குள்ளிருந்து சத்தமே இல்லை. மறுபடி ஏதோ சாக்குச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறான் என்று மனம் அடித்துச் சொன்னது. தூரத்து வளைவில் பஸ் தெரிந்தது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கேட்டது. முதலில் பூவம்மாளின் ஓலம். அதற்கு மேலே மாதேஸ்வரனின் குரல். அவன் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. தெலுங்கில் கத்தினான், தொண்டை கிழியக் கத்தினான். அம்மா குறுக்கே பேசப் பேச இவன் விடாமல் பேசினான். என்ன சொல்கிறான் என்று அவளுக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. ஒரு வார்த்தை மட்டும் புரிந்தது. பொற்கொடி. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பொற்கொடி. அந்தத் தெலுங்குக்கு நடுவில் அது நடுங்கிக்கொண்டே வந்தது, ஆனால் வந்துகொண்டே இருந்தது.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடியே கிராப்புத் தலையைப் பார்த்து, "தம்பி, ஓசூரா? வர்றியா, இல்லியா?" என்றார்.

"தம்பி இல்லைண்ணே, என் பேரு பொற்கொடி" என்றாள். "நான் வரல. நீங்க போங்க."