ஆறு வீட்டு சர்வர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலயே நிக்கும். ஞாயித்துக்கிழமை காலையில, வீடியோ மீட்டிங்ல மீசை அந்தப் பேச்சை எடுத்ததும் சுர்ருன்னு ஏறிடுச்சு.

மீசைன்னு நாங்க பட்டப்பேர் வச்சிருக்கிறவர் காலேஜ் வாத்தியார். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். இப்படி ஆளுக்கொரு தொழில் பார்க்கிற ஆறு பேர் சேர்ந்து, நூலகங்கள் புத்தகப் பட்டியல் வச்சுக்க ஒரு சாஃப்ட்வேர் எழுதறோம். யார் வேணா சும்மா டவுன்லோட் பண்ணிக்கலாம், திருத்திக்கலாம். அது இருக்கிற சர்வரும் எங்களோடதுதான். ஆறு பேர் வீட்டுல ஆறு மெஷின். ஒண்ணு படுத்தா மத்தது தாங்கணும், அதான் ஏற்பாடு.

"ஒரு கம்பெனி தன்னோட சர்வர்ல இலவசமாவே இடம் தர்றேங்குது. எல்லாத்தையும் அங்க மாத்திடலாம். இன்னும் எத்தனை நாளைக்கு வீட்டுல வச்சு மாரடிக்கிறது?"ன்னார் மீசை.

"அப்போ சாவியை அவங்க கையில குடுத்த மாதிரி ஆயிடும். நாளைக்கு அவங்க கதவைச் சாத்தினா எங்க போய் நிப்பீங்க சார்?"ன்னேன்.

"அது கிடக்கட்டும். இருக்கறதுலயே பெரிய மெஷின் உங்களோடது. அது நின்னா மொத்தமும் படுத்துடும்மா."

விடுவேனா? "இப்பவே பிளக்கைப் பிடுங்கறேன். ஒரே ஒரு நூலகத்துக்கு டவுன்லோட் நின்னாலும், கம்பெனிக்குப் போகலாம்னு முதல்ல கை தூக்கறது நான்தான்"னேன். எல்லாரும் சரின்னாங்க. அஞ்சு வருஷ உழைப்பைப் பணயம் வைக்கிறோம்னு தெரியாம இல்ல. ஆனா கட்டினது நாங்களாச்சே!

எல்லாரும் பார்க்கட்டும்னு போனை நீட்டிப் பிடிச்சுக்கிட்டே பின்னறைக்குப் போனேன். மெஷின்ல ஒரு விளக்குகூட எரியல. அதோட பிளக் தரையில கிடக்குது. சுவத்துல அயர்ன் பாக்ஸ் மாட்டியிருக்கு!

"டேய் தடியா!"

நான் போட்ட சத்தத்துல என் தம்பி, ரெண்டு பிள்ளைக்கு அப்பன், கசங்கின சட்டையும் கையுமா ஓடி வந்தான்.

"வியாழக்கிழமை கழட்டினேன்க்கா. திரும்ப மாட்ட மறந்துட்டேன். ஏன், ஏதாவது நின்னு போச்சா?"

எங்க குழுவுல இருக்கிற நர்ஸ், தன் மெஷின்ல இருந்த டவுன்லோட் பதிவைப் பார்த்துட்டுப் போன்ல கத்தினா: "வெள்ளிக்கிழமைதானே புது வெர்ஷன் விட்டோம்? நானூத்திப் பன்னெண்டு நூலகம் எடுத்திருக்கு. ஒண்ணுக்குக்கூட நிக்கல!"

எனக்குத் தலைகால் புரியல. சிரிச்ச சிரிப்புல கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

மீசை மட்டும் சிரிக்கல. "ஒரு மெஷின் நின்னா நம்ம எல்லார் போன்லயும் அலாரம் அடிக்கணுமே. மூணு நாளா ஏன் அடிக்கல?"

மூடி மறைக்க எனக்கு மனசு வரல.

"அலாரம் அடிக்கிற புரோகிராமையும் இதே மெஷின்லதான் சார் வச்சிருந்தேன். இது நின்னதும் அதுவும் நின்னுடுச்சு. தப்பு என்னோடது."

மீசை தன் மீசையைத் தடவிக்கிட்டார்.

"என் மெஷின்லயும் ஒரு அலாரம் போட்டுடுங்கம்மா"ன்னார். "கம்பெனிக்கு வேண்டாம்னு நானே எழுதிடறேன்."

தம்பி அயர்ன் பாக்ஸைக் கழட்டிட்டு மெஷினை மாட்டினான்.